நூல் போட்ட கை

7

சான்றிதழ்கள் எல்லாமே அசல். கொக்கிக்கு எரிச்சல் வந்ததே அதனால்தான்.

போலி டாக்டர் என்றால் வேலை சுலபம். சுவரில் மாட்டியிருக்கும் பட்டத்தைப் படம் பிடித்து, அதில் உள்ள கல்லூரிக்கு ஒரு போன் போட்டால் சாயம் வெளுத்துவிடும். இவர் விஷயத்தில் எல்லாக் கல்லூரிகளும் எழுந்து நின்று பேசாத குறை. "எங்க மாணவர்தாங்க, எங்களுக்குப் பெருமை" என்றார்கள். புற்றுநோய் அறுவையில் மேல்படிப்பு, வெளிநாட்டில் பயிற்சி, தங்கப் பதக்கம், பாடப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம். ஆஸ்பத்திரியில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர் என்றால் அவர்தான்.

"எல்லாம் சுத்தமா இருக்கே, இன்னும் என்னத்த நோண்டுற?" என்றார் சித்தப்பா. ஆம்புலன்ஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அண்ணன் மகள் கொக்கி சட்டம் படித்துவிட்டுத் துப்பறியும் தொழிலுக்குப் போனபோது, வீட்டில் அவர் ஒருவர்தான் சிரித்தார். மறுநாளே உதவியாளராகச் சேர்ந்துகொண்டார்.

"சுத்தமா இருக்கறதுதான் சித்தப்பா உறுத்துது."

"உனக்கு அழுக்கா இருந்தாலும் உறுத்தும். சுத்தமா இருந்தாலும் உறுத்தும். உங்கம்மா உன்னை வெச்சுக்கிட்டு எப்படித்தான் வீடு பெருக்கினாளோ."

பெரியவரின் அறைக்கு வெளியே, நோயாளிகளுக்கான பிளாஸ்டிக் நாற்காலியில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். எதிர்ச் சுவர் முழுக்கக் கண்ணாடி போட்ட பட்டங்கள். படிப்பு வாசனையே இல்லாத வீட்டிலிருந்து வந்தவள் கொக்கி. இந்த மாதிரிச் சுவர்களைப் பார்த்தால் அவளுக்கு முதலில் பயம் வரும். அப்புறம், பயந்ததற்காகக் கோபம் வரும். கேள்வி கேட்டுக் கேட்டு ஆளை மாட்டி இழுப்பதால் விடுதித் தோழிகள் வைத்த பெயர் கொக்கி. அந்தப் பெயருக்குள் அந்தக் கோபமும் இருந்தது.

வழக்கைக் கொண்டுவந்தவள் ஒரு தங்கை. அவளுடைய அக்கா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், மார்பில் கட்டி, இன்று பிற்பகல் பெரியவர் கையால் ஆபரேஷன். தங்கைக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான்: "மூணு தடவை போனோம். ஒரு தடவைகூட அவர் அக்காவைத் தொட்டுப் பாக்கல. பக்கத்துல இருக்கற சின்ன டாக்டர்தான் தொட்டுச் சொன்னாங்க, இவர் தலையாட்டினார். எங்கக்கா அந்த டேபிள்ல படுக்கலாமா கூடாதா, அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

படுக்கலாமா, கூடாதா. அதற்குப் பதில் பிற்பகலுக்குள் வேண்டும்.

"அடுத்தது" என்றாள் நர்ஸ்.

சித்தப்பாவின் பிடரியில் வெகுகாலமாகவே ஒரு கட்டி உண்டு. இதுவரை காலர் பட்டனுக்குத்தான் தொல்லை கொடுத்தது. இன்று முதல்முறையாக உதவிக்கு வந்தது.

பெரியவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். வெள்ளைத் தலை, பஞ்சு மாதிரிக் குரல். வலது கை கோட்டுப் பைக்குள் இருந்தது. இடது கை மேசைமேல் சாய்ந்திருந்தது. அதில் சிவப்புக் கல் மோதிரம்.

"எத்தனை நாளா இருக்கு?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே இருக்கு டாக்டர். இது முதல்ல வந்துச்சா, அவ முதல்ல வந்தாளான்னு வீட்டுல இன்னும் சண்டை."

பெரியவர் புன்னகைத்தார். எழுந்திருக்கவில்லை. பக்கத்தில் நின்ற சின்ன டாக்டரைப் பார்த்தார். ஒல்லியான பெண். நகங்களைச் சதையோடு ஒட்ட வெட்டியிருந்தாள். விரல் நுனிகளில் தோல் உரிந்து வெளுத்திருந்தது. சித்தப்பாவின் பிடரியில் இரண்டு விரலை வைத்து, ஒருமுறை உருட்டி, ஒருமுறை அழுத்தினாள்.

"கொழுப்புக் கட்டி சார். நகருது. வலியில்ல."

"கொழுப்புக் கட்டிதான்" என்றார் பெரியவர், அவரே கண்டுபிடித்த மாதிரி. "பயப்பட வேண்டாம்."

சித்தப்பா எழுந்தவர் மேசைமேல் குனிந்தார். "நல்ல கல்லு டாக்டர். கொஞ்சம் கழட்டிக் காட்டுவீங்களா? என் வீட்டுக்காரி இது மாதிரி ஒண்ணு கேட்டு உயிரை எடுக்கறா."

"கழட்ட வராதுங்க. போன மழைக்காலத்துலேர்ந்து மூட்டு வீக்கம். சோப்புப் போட்டும் பாத்தாச்சு."

சின்ன டாக்டர் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

படிக்கட்டில் இறங்கும்போது கொக்கி பாதியிலேயே நின்றாள். "சித்தப்பா, ஆபரேஷனுக்கு முன்னாடி டாக்டருங்க என்ன பண்ணுவாங்க?"

"முழங்கை வரைக்கும் பிரஷ் போட்டுத் தேய்ப்பாங்க. பாத்திரம் தேய்க்கறவ கெட்டா. வாட்ச், வளையல், மோதிரம் ஒண்ணு இருக்கக் கூடாது. ஸ்ட்ரெச்சர் தள்ளிட்டுப் போன என்னையே கழட்டச் சொல்லுவாங்க." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றார். "அட."

"மழைக்காலத்துலேர்ந்து கழட்ட முடியாத மோதிரம். அந்தக் கை க்ளவுஸுக்குள்ள போய் எத்தனை மாசம் ஆகுது? ஆனா வாரம் தவறாம ஆபரேஷன் நடக்குது. அவர் பேர்ல."

"அப்ப யாரு பண்றது?"

"அந்தக் கேள்விக்குப் பதில் மேல இருக்காது. வெட்டி எடுத்ததெல்லாம் எங்க போகும்?"

"கீழ. லேபுக்கு."

லேப் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் இல்லாத நீளமான அறை. மூக்கை அறுக்கும் மருந்து நெடி. ஒரு பக்கம் மைக்ராஸ்கோப்புகள், மறுபக்கம் மாணவர்களுக்குக் காட்ட வைத்த கண்ணாடி ஜாடிகள். நடுவில் லேப் டாக்டர் ஒரு கையில் பன்னும் மறு கையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார். சித்தப்பாவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணே, உயிரோடதான் இருக்கீங்களா?"

"உங்க கையில சிக்காத வரைக்கும் இருப்பேன் டாக்டர். இவ எங்கண்ணன் மக. கேள்வி கேக்க வந்திருக்கா. பதில் சொல்லிடுங்க, இல்லன்னா இங்கயே குடிவந்துடுவா."

கொக்கி நேராக விஷயத்துக்கு வந்தாள். "மேல தியேட்டர்ல யாரு வெட்டினாங்கன்னு, வெட்டின துண்டைப் பாத்து உங்களால சொல்ல முடியுமா?"

"துண்டுல முகமா இருக்கும்?" லேப் டாக்டர் கையிலிருந்த பன்னை உள்ளங்கையில் உருட்டினார். "இதைப் பாரு. எது மேல் பக்கம், எது கீழ்? இப்பத் தெரியுது. இப்படி உருட்டிட்டேன். இப்பச் சொல்லு."

"தெரியல."

"எனக்கும் தெரியாது. கட்டியை எடுத்து ஜாடில போட்டா இதே கதைதான். நான் வெட்டிப் பாத்து, 'ஒரு ஓரத்துல நோய் மிச்சம் இருக்கு'ன்னு சொல்றேன்னு வை. எந்த ஓரம்னு தெரியாம அவங்க மறுபடி எங்க வெட்டுவாங்க? அதுக்குத்தான் கட்டியை எடுக்கறதுக்கு முன்னாடியே அதுல ரெண்டு நூல் தெச்சு விடுவாங்க. ஒண்ணு நீளம், ஒண்ணு கட்டை. நூலைப் பாத்தா எனக்குத் திசை தெரியும்."

"எது மேல? நீளமா, கட்டையா?"

"அது அவங்கவங்க கத்துக்கிட்ட இடத்தைப் பொறுத்து. ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலயும் ஒவ்வொரு பழக்கம். படிக்கிறப்ப எது கையில ஒட்டிக்கிச்சோ அதுதான் சாகற வரைக்கும்."

கொக்கி ஜாடி அலமாரியின் பக்கம் போனாள். மேல்தட்டில் தூசி படிந்த பழைய ஜாடிகள். பெரியவர் தன் மாணவர்களுக்குப் பாடம் எடுக்க வைத்தவை. ஒட்டியிருந்த சீட்டின்படி, ஒவ்வொன்றிலும் மேல்பக்கம் கட்டையான நூல். பக்கவாட்டில் நீளமான நூல் மருந்துக்குள் முடி மாதிரி மிதந்தது. இந்த வாரத்து ஜாடிகள் கீழே மேசையில் இருந்தன. அவற்றின் சீட்டில் அப்படியே மாறி, நீளமானது மேல்பக்கம்.

"இதுவும் பெரியவரோடதா?"

"ஆமா. நடுவுல மாத்திக்கிட்டாரு. 'இனிமே நீளம்தான் மேல'ன்னு சொல்லி அனுப்பினாங்க. பெரிய இடம், நாம என்ன கேக்கறது." லேப் டாக்டர் பன்னைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டார். "ஒண்ணு சொல்லணும். அதுக்கப்புறம் வர்றதெல்லாம் ஓரம் பளிச்சுனு இருக்கு. மிச்சம் மீதியே கிடையாது. வயசாக ஆகக் கை தேறி நான் பாத்தது இவர் ஒருத்தரைத்தான்."

சித்தப்பா தாடையைச் சொறிந்தார். "அதெப்படி டாக்டர்? ரோட்டுல ஆயுசு பூரா ஒரு பக்கமா ஓட்டினவன், ரிட்டயர் ஆகப் போற சமயத்துல திடீர்னு மறுபக்கம் ஓட்டுவானா? ஓட்டினா அவனைத்தான் என் வண்டில ஏத்திட்டு வருவேன்."

கொக்கி அவரையே பார்த்தாள்.

"என்ன முறைக்கிற? தப்பா சொல்லிட்டேனா?"

"ஓட்டமாட்டான் சித்தப்பா. பக்கம் மாறிடுச்சுன்னா, டிரைவர் மாறிட்டான்னு அர்த்தம்."

லேப் டாக்டர் மெல்வதை நிறுத்தினார்.

அப்போது போன் அடித்தது. தங்கை. "அக்காவை உடுப்பு மாத்தச் சொல்லிட்டாங்க. ட்ராலி வந்துடுச்சு. நான் என்ன சொல்லட்டும்?"

"கொஞ்சம் தாமதப்படுத்துங்க. நான் மேல வர்றேன்."

"எப்படித் தாமதப்படுத்தறது?"

"பாத்ரூம் போகணும்னு சொல்லுங்க" என்று எட்டி போனுக்குள் சொன்னார் சித்தப்பா. "ராஜாவே வந்தாலும் அதுக்குக் காத்திருக்கத்தான் வேணும்."

மேலே போகும் வழியில் கொக்கி கணக்குப் போட்டாள். வெளியிலிருந்து ஒரு சர்ஜன் வருகிறான். முகமூடி போட்டுக்கொண்டால் முகம் ஏது? வெட்டிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்விடுகிறான். பெயர் பெரியவருக்கு. இந்த நாடகத்தைத் தினமும் பக்கத்தில் நின்று பார்ப்பவள் ஒருத்தி உண்டு. மோதிரப் பேச்சு வந்தபோது ஜன்னல் பக்கம் திரும்பிய அந்தச் சின்ன டாக்டர். அவளைப் பேச வைத்தால் போதும்.

தியேட்டர் வராந்தாவில் தரையில் ஒரு சிவப்புக் கோடு. கோட்டைத் தாண்டச் செருப்பு, போன், வெளி உடுப்பு எதற்கும் அனுமதியில்லை. போன்களைக் கூடையில் போட்டுவிட்டு, அலமாரியிலிருந்து பச்சை உடுப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். சித்தப்பாவின் தொப்பை பச்சைத் துணிக்குள் அடங்க மறுத்தது.

"மயக்க மருந்து டாக்டர்னு சொல்லிக்கவா?"

"நீங்க பேச ஆரம்பிச்சா மயங்கினவங்ககூட எழுந்து ஓடிடுவாங்க. வாயைத் திறக்காம வாங்க."

சின்ன டாக்டர் எதிரே வந்தாள். இருவரையும் ஒரு நொடி பார்த்தாள். அடையாளம் தெரிந்துவிட்டது. கொக்கி தாழ்ந்த குரலில் சொன்னாள்: "டாக்டர், உங்ககிட்ட ரெண்டு நிமிஷம் பேசணும். நூல் விஷயமா."

அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. ஆனால் குரல் நிதானமாக இருந்தது. "இங்க வேணாம். உள்ள வாங்க."

டாக்டர்கள் உடை மாற்றும் அறை. இரும்பு அலமாரிகள், ஒரு பெஞ்சு, ஆணியில் தொங்கும் கோட்டுகள். ஜன்னல் இல்லை. ஒரு கதவு வராந்தாவுக்கு, இன்னொன்று தியேட்டருக்கு. இரண்டும் கார்டு காட்டினால்தான் திறக்கும், உள்ளேயிருந்தும் அப்படியே. கதவு அவர்களுக்குப் பின்னால் 'டக்' என்று மூடிக்கொண்டது.

சின்ன டாக்டர் கார்டைக் கழுத்துப் பட்டையிலிருந்து கழற்றி உள்ளங்கையில் இறுக்கிக்கொண்டு தியேட்டர் பக்கக் கதவில் சாய்ந்து நின்றாள்.

"மன்னிச்சுக்கங்க. ஆபரேஷன் முடியற வரைக்கும் நீங்க வெளிய போக முடியாது."

சித்தப்பா வராந்தாக் கதவை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "மகளே, சாட்சியைப் பிடிக்கப் போனோம். சாட்சி நம்மளைப் பிடிச்சிருச்சு."

அந்தக் கதவில் பெரிய தட்டளவு வட்டக் கண்ணாடி இருந்தது. அதன் வழியே சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ட்ராலி வந்து நிற்பது தெரிந்தது. பச்சைப் போர்வைக்குள் ஒரு பெண். கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கணக்கு டீச்சர். கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கை, அக்காவின் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கொக்கி கண்ணாடியில் ஓங்கித் தட்டினாள். கனத்த கண்ணாடி சத்தத்தை விழுங்கிவிட்டது. யாரும் திரும்பவில்லை. போன் கூடையில் கிடந்தது. அறைக்குள் காற்று குறைவதுபோல் இருந்தது.

"யாரைக் காப்பாத்தறீங்க?" கொக்கி திரும்பினாள். "வெளியிலேர்ந்து வர்ற அந்த சர்ஜன் யாரு?"

"வெளியிலேர்ந்து யாரு வர்றாங்க?"

"நூலைத் தலைகீழா போடற ஆளு."

அதுவரை அந்த முகத்தில் இருந்தது பயம். அது போய்க் கோபம் வந்தது.

"தலைகீழ் இல்ல. நீளம் மேலதான் இருக்கணும். மேல் ஓரம் தவறிச்சுன்னா நோய் அக்குள் வரைக்கும் போயிடும், அதனால கண்ணுக்கு முதல்ல படற நூல் அங்கதான் வேணும். எங்க அரசு ஆஸ்பத்திரில மொத நாளே அதைத்தான் சொல்லிக் கொடுத்தாங்க. கட்டை நூலை மேல போட்டா மருந்துல ஊறி உள்ள போயிடும், லேப்ல தேடிட்டு இருப்பாங்க. பாடப் புத்தகத்துல எழுதினவர் வேணா அப்படிப் போடட்டும். நான் போடமாட்டேன்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது.

சித்தப்பா பெஞ்சில் உட்கார்ந்தார். கொக்கி அவளுடைய விரல்களைப் பார்த்தாள். தினமும் பிரஷ் போட்டுத் தேய்த்து உரிந்த தோல். காலையிலேயே பார்த்ததுதான். பார்த்தும், கோட்டுப் போட்ட ஓர் ஆணைத்தான் மனம் தேடிப் போயிருக்கிறது. பெரியவரின் சுவர் தன்னையும் ஏமாற்றிவிட்டதை நினைக்க அவளுக்குக் காது சுட்டது.

"நீங்கதானா?"

சின்ன டாக்டர் கார்டோடு விரல்களை மடக்கிக்கொண்டாள்.

"அவரை மாதிரியே நூல் போட்டிருந்தா நான் கீழே லேப்லயே தோத்துப் போயிருப்பேன். ஏன் போடல?"

"பழகின கை. மாத்திப் போட்டா ஒரு நாள் இல்ல ஒரு நாள் குழம்பும். குழம்பினா, நோய் இல்லாத பக்கத்தை வெட்டிட்டு இருக்கற பக்கத்தை விட்டுடுவாங்க." அவள் கார்டைப் பார்த்தாள். "மாட்டிக்குவேன்னு தெரியும். அதுக்காக ஒருத்தரைத் தப்பா வெட்ட முடியாதுல்ல."

"எப்படி ஆரம்பிச்சது?"

"அவருக்குக் கை நடுங்க ஆரம்பிச்சது. 'இன்னிக்கு மட்டும் நீ பிடி'ன்னார். ஒரு கேஸ். அப்புறம் இன்னொண்ணு. இப்ப எல்லாமே நான்தான். அவர் ஓரமா ஸ்டூல்ல உட்கார்ந்திருப்பார். என் பயிற்சிக் காலம் முடிஞ்சாச்சு. முடிஞ்சதுன்னு அவர் எழுதிக் கொடுத்தாத்தான் கடைசிப் பரீட்சைக்கு நான் உட்கார முடியும். கொடுக்கமாட்டேங்கறார். கொடுத்தா நான் போயிடுவேன். நான் போயிட்டா அவருக்குக் கை ஏது?"

"வெளிய சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லி? ஆபரேஷன் பண்ணினது நான். முதல்ல மாட்டறது நான். அவருக்கு அவ்ளோ பெரிய சுவர் இருக்கு. எனக்கு என்ன இருக்கு? நான் கத்துக்கிட்டது, பண்ணினது, எதுவும் நான் பண்ணினதா உலகத்துல எங்கயும் இல்ல. எல்லாம் அவரோட அனுபவத்துல போய்ச் சேந்தாச்சு. எங்கப்பா சலவைக் கடை வெச்சிருக்கார். எங்க தெருவுலயே நான்தான் மொத டாக்டர். நான் வீட்டுக்குப் போறப்பல்லாம் கடை வாசல்ல நிக்கற ஆளுங்களை நிறுத்தி என்னைக் காட்டுவார். அவர்கிட்டப் போய் நான் என்னத்த சொல்லட்டும்?"

அந்தக் கடை வாசல் கொக்கிக்குத் தெரியும். அவள் வீட்டிலும் ஒன்று இருந்தது. இந்தப் பெண்ணின் பக்கம் சாய்ந்துவிட ஒரு நொடி போதும். கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள். கணக்கு டீச்சர் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அகப்பட்டுக்கிட்டது நிஜம்தான். ஆனா அந்த அம்மாவையும் உள்ள சேத்துல்ல பூட்டி வெச்சிருக்கீங்க. யார் கையில படுக்கப் போறோம்னு அவங்களுக்குத் தெரியுமா?"

"நான் நல்லாப் பண்ணுவேன்."

"தெரியும். லேப்ல சொன்னாங்க. நான் அதைக் கேக்கல."

"சொன்னா படுப்பாங்களா? சுவத்துல பேரே இல்லாத ஒருத்திகிட்ட யார் வந்து படுப்பா? இப்ப நிறுத்தினா அந்தக் கட்டி வளரும். அதுக்கு யார் பொறுப்பு?"

"அவங்களைக் கேட்டீங்களா?"

"இல்ல."

"இந்த வேலைக்கு உன்னை வெச்சுக்கவான்னு அவர் உங்களைக் கேட்டாரா?"

சின்ன டாக்டர் கண்ணாடி வழியே தெரிந்த ட்ராலியைப் பார்த்தாள்.

"அவர் உங்களுக்குப் பண்ணினதை நீங்க அவங்களுக்குப் பண்றீங்க. அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல." கொக்கிக்குப் பூசி மெழுகிப் பேச வராது. "கதவைத் திறக்கறதும் திறக்காததும் உங்க இஷ்டம். கார்டு உங்க கையில."

சித்தப்பா தொப்பைமேல் கைகளைக் கோத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தியேட்டர் பக்கக் கதவுக்கு அப்பால் யாரோ "சின்ன டாக்டர் எங்க?" என்று கேட்பது மங்கலாகக் காதில் விழுந்தது. அவள் அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் வராந்தாக் கதவைப் பார்த்தாள். இரண்டில் எதைத் திறந்தாலும் போக ஓர் இடம் இல்லை என்பது அவள் முகத்தில் தெளிவாகத் தெரிந்தது. கழுத்தில் தொங்கிய முகமூடியை அவிழ்த்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டாள். வராந்தாக் கதவில் கார்டை வைத்தாள்.

ட்ராலி அருகில் பெரியவர் வந்து நின்றிருந்தார். டீச்சரின் தலையில் இடது கையை வைத்து, "பயப்படாதீங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்ன டாக்டர் ட்ராலியின் மறுபக்கம் போய் நின்றாள்.

"அக்கா, உங்களுக்கு ஆபரேஷன் பண்ணப் போறது சார் இல்ல. நான்."

பெரியவரின் குரல் அப்போதும் பஞ்சாகவே இருந்தது. "ராத்திரி டியூட்டி. தூக்கம் இல்லாம உளர்றா. நீ உள்ள போய்த் தயாராகு."

டீச்சர் ஒரு முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். கடைசி பெஞ்சில் யார் பேசியது என்று கண்டுபிடிக்கும் பார்வையோடு முதலில் அவரைப் பார்த்தாள், அப்புறம் அவளை. "நீ சொல்லும்மா. இதுக்கு முன்னாடி நீ தனியா பண்ணியிருக்கியா?"

"பண்ணியிருக்கேன். நிறைய."

"எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"இதுவரைக்கும் இருக்காங்க."

"உள்ள ஏதாவது எசகுபிசகா ஆகி உன் கை ஓடலன்னு வை. உனக்கப்புறம் யாரு வந்து கை வைப்பா? இவரா?"

சின்ன டாக்டர் பெரியவரைப் பார்க்கவில்லை. "அவரால முடியாது."

"அப்ப யாரு?"

"யாரும் இல்லக்கா."

கோட்டுக்கு அந்தப் பக்கம் தங்கையின் கையிலிருந்த செருப்பு ஒன்று கீழே விழுந்தது. டீச்சர் போர்வையை விலக்கி நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னிக்கு வேணாம்."

"அம்மா, நோயைத் தள்ளிப் போடக் கூடாது" என்றார் பெரியவர்.

"தள்ளிப் போடல சார். ஆளைத்தான் மாத்தறேன்." அவள் சின்ன டாக்டரிடம் திரும்பினாள். "எவ்ளோ நாள் தாங்கும்?"

"சில வாரம் தாங்கும். அதுக்கு மேல வேணாம். நான் படிச்ச அரசு ஆஸ்பத்திரில என் பழைய மேடம் இருக்காங்க. வரிசை நீளம்தான். இன்னிக்கே பேசறேன்."

"பேசு. நீயே பண்ணு, அவங்க உன் பின்னாடி நிக்கட்டும். விடமாட்டாங்கன்னா அவங்க பண்ணட்டும், நீ பக்கத்துல நில்லு. எதுவா இருந்தாலும் முன்னாடியே என்கிட்டச் சொல்லு. நான் படுக்கறேன்."

பெரியவர் ட்ராலிமேல் சற்றுக் குனிந்தார். சின்ன டாக்டருக்கு மட்டும் கேட்கும்படிப் பேசினார். பக்கத்தில் நின்றதால் கொக்கிக்கும் கேட்டது. "இன்னிக்கு இந்த வராந்தாவை விட்டுப் போனா, இந்தத் தொழில்ல உனக்கு வேற எந்தக் கதவும் திறக்காது. யோசிச்சுக்கோ."

அதைச் சொன்னபோதுகூட அவருடைய வலது கை கோட்டுப் பைக்குள்தான் இருந்தது. பைத் துணி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.

கொக்கி ஒளித்து வைக்க விரும்பவில்லை. "டாக்டர், நான் மருத்துவக் கவுன்சிலுக்குப் புகார் எழுதப் போறேன். அதுல உங்க பேரும் வரும். என்னால அதை விட முடியாது."

சின்ன டாக்டர் மெல்லத் தலையாட்டினாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "எழுதுங்க. நான் பண்ணின ஆபரேஷனுக்குப் பக்கத்துல என் பேர் வர்றது அதுதான் மொத தடவை."

"ட்ராலியைத் திருப்புப்பா" என்றாள் டீச்சர்.

ட்ராலி தள்ளும் ஆள் பெரியவரின் முகத்தைப் பார்த்தான். நர்ஸும் அவர் முகத்தைத்தான் பார்த்தாள். யாரும் அசையவில்லை.

சின்ன டாக்டர் குனிந்து சக்கரத்தின் பிரேக்கைக் காலால் தட்டிவிட்டாள். ட்ராலியின் தலைமாட்டுக்குப் போய்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்தாள். இதுவரை ட்ராலி தள்ளியிருக்கமாட்டாள் போலிருந்தது. திருப்பும்போது ஒருமுறை சுவரில் இடித்துக்கொண்டது.

"பாத்து" என்றாள் டீச்சர்.

"சரிக்கா" என்றாள் அவள். சிவப்புக் கோட்டைத் தாண்டித் தள்ளிக்கொண்டு போனாள்.